இரவு 11.30, பாரிஸில் 8 மணி: புதுச்சேரி நண்பர் வீட்டில் பிரெஞ்சுத் தேர்தல் இரவு

புதுச்சேரியில் உங்களுக்கு ஒரு சொல்தா வீட்டு (பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர் குடும்பத்து) நண்பர் இருந்தால் என்றாவது ஒருநாள் இந்த அழைப்பு வரும்: "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எலெக்சன் ரிசல்ட்டு, வீட்டுக்கு வாடா." எந்த எலெக்சன் என்று குழம்ப வேண்டாம். பிரான்சின் அதிபர் தேர்தல்தான். அடுத்தது 2027 ஏப்ரலில். மக்ரோன் தொடர்ந்து இரண்டு முறை அதிபராக இருந்துவிட்டார், சட்டப்படி மூன்றாவது முறை உடனே நிற்க முடியாது. அதனால் ஆள் மாறுவது உறுதி, வீட்டில் கூட்டமும் கூடுதலாக இருக்கும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். முதன்முதலில் போனது 2017இல். தெரியாமல் போய் இரண்டு மூன்று தப்பு செய்தேன். அதையெல்லாம் நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

இவர்கள் ஏன் பிரான்சுக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்ற கேள்வியை அந்த வீட்டில் போய்க் கேட்காதீர்கள். இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானாலும் சட்டப்படி நடப்புக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அதில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நிறைய. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுவது இந்த ஊருக்குப் புதிதே இல்லை. பெரிய மார்க்கெட்டுக்கும் கடற்கரைச் சாலைக்கும் பெயராக இருக்கிறாரே குபேர், அவர் 1951இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து தேர்வானவர்.

"உங்களுக்கு ரெண்டு ஊர் ஓட்டும் உண்டா?" என்று கேட்டுவிடாதீர்கள். கிடையாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. என் நண்பன் வீட்டில் தாத்தாவும் அம்மாவும் பிரெஞ்சு நேஷனாலிட்டி, அப்பா இந்தியர். அப்பா லோக்சபாவுக்கு ஓட்டுப் போட்டு விரலில் மை வைத்துக்கொண்டு வருவார், அம்மா வாழ்நாளில் அந்த மையைத் தொட்டதில்லை. ஒரே சமையலறை, இரண்டு அரசாங்கம்.

கடிகாரம்

எல்லாத் தப்பும் இங்கேதான் ஆரம்பிக்கும். பிரான்சில் முடிவு அறிவிப்பது இரவு 8 மணிக்கு. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே கோடைக்கால நேரம் என்பதால் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். ஆக நமக்கு இரவு 11.30. குளிர்காலத்தில் என்றால் நாலரை மணி நேரம் ஆகிவிடும், ஆனால் இப்போதெல்லாம் அதிபர் தேர்தல் குளிர்காலத்தில் வருவதில்லை, விடுங்கள்.

2017இல் நண்பன் "எட்டு மணிக்கு ரிசல்ட்டு" என்றான். நான் கடலூரிலிருந்து ஆறரைக்கே பஸ் ஏறி, ஏழே முக்காலுக்கு முத்தியால்பேட்டையில் அவன் வீட்டு வாசலில் நின்றேன். அம்மா தூங்கி எழுந்து வந்து கதவைத் திறந்தார். கூடத்துச் சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்றில் ஏழே முக்கால், இன்னொன்றில் நாலே கால். அதன் கீழே பிளாஸ்டர் ஒட்டி, தாத்தா கையெழுத்தில் 'பாரி' என்று தமிழில் எழுதியிருந்தது. மூன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்திய நேரத்தில் இப்படி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் 3.30க்கு மேல் முதல் வாக்குப்பதிவு சதவீதம் வரும், இரவு 8.30க்கு மேல் அடுத்தது. இரவு 10.30க்குப் பிரான்சில் பெரும்பாலான சாவடிகள் மூடுகின்றன, பெரிய நகரங்களில் மட்டும் 11.30 வரை ஓடும். 11.30க்கு அறிவிப்பு. நீங்கள் ஒன்பதரைக்குப் போனால் போதும். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இல்லை, ஆனால் ஞாயிறு மதியம் கறிக்குழம்பு சாப்பிட்ட வீட்டில் இரவுக்கு ரொட்டியும் ஆம்லெட்டும்தான் இருக்கும். போகிற வழியில் நாலு பகேத் ரொட்டி வாங்கிக்கொண்டு போனால் மரியாதையாக இருக்கும்.

பகலில் கூடப் போவதானால்

வாக்களிப்பு கடற்கரைப் பக்கம் இருக்கும் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் போன்ற இடங்களில் நடக்கும். எந்தச் சாவடி என்று நண்பருக்குத்தான் தெரியும். பெரியவரை வண்டியில் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாக்காளர் இல்லாத நமக்கு உள்ளே வேலை இல்லை. வெளியே நிழல் பார்த்து நில்லுங்கள், தண்ணீர் பாட்டில் அவசியம். சித்திரை வெயில்.

உள்ளே நடப்பதை அம்மா சொல்லக் கேட்டதுதான். இயந்திரம் கிடையாது. மேசையில் ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கும் ஒரு கட்டுத் தாள் இருக்கும். 2022இல் 12 பேர் நின்றார்கள், 12 கட்டு. யாருக்குப் போடுகிறோம் என்று அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்பதால் குறைந்தது இரண்டு பெயர்த் தாளாவது எடுத்துக்கொள்ள வேண்டும். மறைப்புக்குள் போய் வேண்டியதை மட்டும் மடித்து உறையில் போட்டு வெளியே வந்து, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பெட்டியில் போட வேண்டும். உறை விழுந்ததும் அங்கே இருப்பவர் உரக்க "அ வோத்தே!" என்பார். 'வாக்களித்தாயிற்று' என்று அர்த்தம். தாத்தாவுக்கு அந்தக் குரல் கம்மியாக இருந்தால் பிடிக்காது. "ஏதோ பஸ் டிக்கெட் குடுக்கிற மாதிரி சொல்றான்" என்று ஒருமுறை வீட்டுக்கு வந்தும் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மிச்சத் தாள்களை அங்கேயே குப்பைத் தொட்டியில் போடலாம். அம்மா கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். பின்பக்கம் வெள்ளையாக, நல்ல தாள். திங்கட்கிழமை துவரம்பருப்பு 1 கிலோ, சீரகம் 100 என்று மளிகைப் பட்டியல் அதில்தான். திருப்பிப் பார்த்தால் தோற்றுப்போன ஒரு வேட்பாளரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்.

நம்மூர் கணக்கை மறந்துவிடுங்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் அந்த இரவு சப்பென்று இருக்கும். நமக்குப் பழக்கம் வேறு. காலை எட்டு மணிக்கு முதலில் தபால் ஓட்டு, அப்புறம் சுற்றுச் சுற்றாக இயந்திரம். முன்னிலை, பின்னடைவு, மறுபடி முன்னிலை. நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பிரான்சில் முன்னிலை என்று ஒன்று இல்லவே இல்லை. எட்டு மணி அடிக்கும், திரையில் சதவீதம் வரும், முடிந்தது. ஒரே அடி.

அது எப்படி, கடைசிச் சாவடி மூடிய அதே நொடியில் எண்ணி முடிக்க முடியுமா என்று எல்லாருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. எக்ஸிட் போல் என்று நினைத்தேன். இல்லை. ஏழு மணிக்கு மூடிய சாவடிகளில் நாடு முழுக்கப் பல நூறைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். அங்கே வாசலில் நின்று ஆளைக் கேட்பதில்லை, உறையைப் பிரித்து எண்ணுகிற உண்மையான ஓட்டையே குறித்து அனுப்புவார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டு எட்டு மணிக்குச் சொல்கிறார்கள். எண்ணுவதும் அதிகாரிகள் மட்டும் இல்லை, அந்தச் சாவடி வாக்காளர்களிலேயே முன்வருகிறவர்கள். மேசைக்கு நாலு பேர்: ஒருவர் பிரிப்பார், ஒருவர் உரக்கப் படிப்பார், இரண்டு பேர் தனித்தனியாகக் கோடு போடுவார்கள். உறைகள் நூறு நூறாகக் கட்டப்பட்டிருக்கும். புதுச்சேரி ஓட்டும் இப்படித்தான் இங்கேயே எண்ணப்படுகிறது.

பெரும்பாலும் ஒரு சதவீதம் முன்னே பின்னே என்றுதான் கடைசிக் கணக்கு வரும். 2002 ஏப்ரல் 21இல் அப்போதைய பிரதமர் ஜோஸ்பன், முதல் இரண்டு பேர் மட்டும் மோதுகிற இரண்டாம் சுற்றுக்குப் போகாமல் வெளியேறினார், தீவிர வலதுசாரியான ழான்-மரி லெப்பென் (மரின் லெப்பெனின் அப்பா) உள்ளே வந்தார். இருவருக்கும் இடையே 2 லட்சத்துக்கும் குறைவான ஓட்டுத்தான். அதையே எட்டு மணிக்குச் சொல்லிவிட்டார்கள்.

நோட்டா மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். வெற்றுத்தாள் போடலாம். 2014இலிருந்து அதைத் தனியாக எண்ணுகிறார்கள், ஆனால் சதவீதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பத்திலிருந்து பதினொன்றரை: வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய நேரம்

எட்டு மணிக்கு முன் பிரான்சில் எந்தக் கணிப்பையும் வெளியிடக் கூடாது. மீறினால் 75,000 யூரோ வரை அபராதம். ஆனால் பக்கத்து நாடான பெல்ஜியத்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அந்தச் சட்டம் செல்லாது. அவர்களுடைய ஊடகங்கள் ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடும். 2012இல் ட்விட்டரில் 'ரேடியோ லோந்த்ர்' என்று குறிப்பு வைத்து, போர்க்காலத்தில் லண்டன் வானொலி ரகசியச் செய்தி படித்த மாதிரி விளையாடினார்கள். அந்தத் தேர்தலில் மோதிய இருவரில் பிரான்சுவா ஒல்லாந்துக்கு டச்சுப் பாலாடைக்கட்டியின் பெயர், சர்க்கோசிக்கு ஹங்கேரி ஒயினின் பெயர். கட்டி சூடாக இருக்கிறது, ஒயின் ஆறிவிட்டது என்று எழுதினால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இது எனக்கு முன்பே தெரியும். 2017 முதல் சுற்று அன்றைக்கு, கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்க, மொபைலில் ஒரு பெல்ஜியம் தளத்தைப் பார்த்து, "தாத்தா, மக்ரோனும் மரின் லெப்பெனும்தான்" என்றேன், ஏதோ பெரிய வேலை செய்துவிட்ட மாதிரி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாத்தா அப்போதுதான் உள்ளே போய் பனியனுக்கு மேல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கையிலிருந்த கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எட்டு மணி ஆவட்டும்." மணி பதினொன்று ஐந்து. அவருக்கு ஏழு முப்பத்தைந்து. அடுத்த இருபத்தைந்து நிமிடம் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மொபைலில் பார்த்தாலும் முகத்தில் காட்டாதீர்கள். அவர்கள் வாட்ஸாப் குழுவில், பாரிஸ் புறநகரில் இருக்கும் சித்தி மகன் ஏதாவது அனுப்பியிருப்பான், இளசுகள் எல்லாம் பார்த்திருப்பார்கள், பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் அந்த வீட்டு நாகரிகம்.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் செய்யக்கூடியது கதை கேட்பது. 1981 மே 10ஐப் பற்றிக் கேளுங்கள். அன்றைக்குத் தொலைக்காட்சியில் வெற்றி பெற்றவரின் முகத்தைக் கணினிப் படமாக உச்சந்தலையிலிருந்து கீழ்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து காட்டினார்கள். நின்றவர்கள் மித்தரானும் ழிஸ்காரும். இரண்டு பேருக்குமே முன்மண்டை வழுக்கை. நெற்றி வருகிற வரைக்கும் யார் என்று சொல்ல முடியாமல் ஒரு நாடே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. மித்தரான்தான்.

கேட்கக் கூடாத ஒன்று: "நீங்க யாருக்குப் போட்டீங்க?" ஒரே வீட்டில் ஒரே ஓட்டு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். குடியேறியவர்களை எதிர்க்கிற லெப்பென் கட்சிக்கு இவர்கள் போடவே மாட்டார்கள் என்று நாமாக முடிவு செய்வதும் தப்பு. கரீபியனில் பிரான்சுக்குச் சொந்தமான மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் ஆட்களைக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள், மக்களில் பெரும்பான்மை ஆப்பிரிக்க வழியினர். அந்தக் குவாதலூப்பில் 2022 இரண்டாம் சுற்றில் மரின் லெப்பெனுக்கு சுமார் 70 சதவீதம். அதே தீவு முதல் சுற்றில் இடதுசாரியான மெலான்ஷோனுக்குத்தான் அதிகம் போட்டது. பாரிஸ் மேல் இருந்த கோபம். தெரியாத ஊர் அரசியலில் அவசரப்பட்டுக் கருத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.

தொலைக்காட்சி ஏற்பாடு

தாத்தாக்களுக்குப் பிரெஞ்சுச் சேனல்தான் வேண்டும். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால் பிரான்ஸ் 24 ஆங்கிலத்திலும் யூடியூபில் நேரலையாக வரும், மொபைலில் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: இணைய நேரலை அரை நிமிடம் பிந்தலாம். கூடத்தில் சத்தம் கேட்ட பிறகு உங்கள் திரையில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 11.25க்கு மொபைலை மூடிவிட்டுப் பெரிய திரையையே பாருங்கள். சதவீதம் புரிய மொழி தேவையில்லை.

இன்வெர்ட்டர் இருக்கிறதா, வைஃபையும் அதில்தான் ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 2017 இரண்டாம் சுற்று மே 7, கத்திரி ஆரம்பித்து மூன்றாவது நாள். 11.20க்குக் கரண்ட் போனது. தெருவே இருட்டு. தாத்தா டார்ச் அடித்துப் பாரிஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மொபைலின் நாலு அங்குலத் திரையைத் தம்ளரில் சாய்த்து வைத்து அதைச் சுற்றிப் பன்னிரண்டு தலை. கடைசிக் கணக்கில் மக்ரோன் 66 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், லெப்பென் 34க்குக் கொஞ்சம் கீழ். நான் போன மாதம் செய்த குற்றத்துக்கு அன்றைக்குத்தான் மன்னிப்புக் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

முடிவு வந்த பிறகு

உடனே எழுந்து கிளம்பாதீர்கள். சுவாரசியமே இனிமேல்தான். தோற்றவர் சில நிமிடங்களிலேயே மேடைக்கு வந்து தோல்வியை ஒத்துக்கொண்டு பேசுவார். நம்மூரில் சாயங்காலம் வரை அறிக்கைக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். முதல் சுற்று என்றால் இன்னும் முக்கியம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேர் மட்டும் இரண்டு வாரம் கழித்து மோதுவார்கள். வெளியேறியவர்கள் ஒவ்வொருவராக வந்து, 'இவருக்குப் போடுங்கள்' என்றோ 'அவருக்கு ஒரு ஓட்டும் போகக் கூடாது' என்றோ சொல்வார்கள். அதில்தான் இரண்டாம் சுற்றின் கணக்கே இருக்கிறது. 2002இல் லெப்பெனுக்கு எதிராக அப்படிச் சேர்ந்துதான் அப்போதைய அதிபர் ஷிராக்குக்கு 82 சதவீதம் போனது. முதல் சுற்றில் அவருக்கு இருந்தது 20கூட இல்லை. சண்டை வருவதும் இந்த நேரத்தில்தான். அம்மாவும் மகளும் பிரெஞ்சில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்கள். நீங்கள் குசினிக்குப் போய் டீ போடலாம்.

நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கூப்பிட்டால் நேரம் அதேதான், ஆனால் எட்டு மணிக் கணக்கை அவ்வளவு நம்ப வேண்டாம். 577 இடங்கள், இடத்துக்கு இடம் போட்டி என்பதால் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்றுதான் சொல்வார்கள். 2024இல் நம்மூர் எண்ணிக்கை ஜூன் 4இல் முடிந்து, அப்பா ஓய்ந்து உட்கார்ந்த ஐந்தாம் நாள், மக்ரோன் திடீரென்று நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அது நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். ஜூன் 30 முதல் சுற்றில் லெப்பென் கட்சி முதலிடம். ஜூலை 7 இரவு எல்லாரும் அவர்கள்தான் என்று உட்கார்ந்திருக்க, திரையில் இடதுசாரிக் கூட்டணி முதலில், லெப்பென் தரப்பு மூன்றாவது. கூடத்தில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

வென்றவர் கூட்டத்துக்கு முன் வந்து பேசும்போது நமக்குப் பின்னிரவு ஆகிவிடும். 2017இல் மக்ரோன் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியக முற்றத்தில் தனியாக நடந்து வந்ததைப் பார்த்தபோது விழித்திருந்தது தாத்தாவும் நானும்தான். கடலூர்க்காரர்கள் அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பதைவிட மொட்டைமாடியில் பாய் கேட்டு வாங்கிப் படுத்துவிடுவது நல்லது. காலையில் முதலில் எழுந்தவர்கள் பெரியவருக்கு முன் டிவியைப் போடாதீர்கள். இரண்டாம் சுற்றுக்கு வரும்போது முதல் சுற்றில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்காருங்கள், கேட்பார். இந்தத் தடவை ரொட்டியோடு ஐஸ்கட்டியும் வாங்கி வாருங்கள், அந்த வீட்டு ஃபிரிட்ஜ் பன்னிரண்டு பேருக்குத் தாங்காது.